தோலில் தெரியும் துளை அல்ல

நேற்று மத்தியானம் கொட்டாஞ்சேனை ஐயா ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்; இருதய நாடியை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய் அது. மணிக்கட்டு நாடி வளைந்து கிடந்ததால் தொடை வழியாகப் போக வேண்டியதாயிற்று. நாடிக்குள் வைத்த குழாயை, அதாவது ஷீத்தை, எடுத்து இரத்தத்தை நிறுத்துவது என் வேலை. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பரின் மருந்தின் வேகம் இறங்கிவிட்டதா என்று ஏசிடி (இரத்தம் உறைய எடுக்கும் நேரம்) பார்த்த பிறகுதான் கை வைத்தேன்.

"ஐயா, தலையைத் தூக்காதீங்கோ. இருமல் வந்தால் முதலே சொல்லுங்கோ."

புதிதாய் வரும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் துளையில் அமத்தாதே. ஊசி சரிவாக மேல்நோக்கிப் போவதால், நாடியில் உள்ள துளை ஒன்றிரண்டு சென்டிமீற்றர் மேலே இருக்கும். அதற்குப் பின்னால் தொடை எலும்பின் தலை. எலும்போடு சேர்த்து அமத்தினால்தான் நாடி மூடும்.

இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். முதல் வருடம் ஒரு அம்மாவுக்குத் தோல் துளைமேலேயே அமத்திக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு சொட்டு இரத்தமில்லை. உள்ளே தேசிக்காயளவில் தொடங்கிய வீக்கம் தோடம்பழமளவாகிவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து என் விரல்களைப் பிடித்து மேலே நகர்த்தினார். அப்போதுதான் விரலடியில் துடிப்பு தட்டியது. அந்த அம்மாவின் தொடை நீலம் பாரித்துக் கிடந்தது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, ஐயாவிடம் வருகிறேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி 20 நிமிடம். முதலில் பலமாக, பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தி. பக்கத்தில் நின்ற பிள்ளை பாதத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் பஞ்சைத் தூக்கிப் பார்க்கவே கூடாது; உறைந்துவரும் இரத்தம் பெயர்ந்தால் திரும்ப முதலிலிருந்துதான்.

"மிஸ், இதுக்கு மெஷின் ஒண்டும் இல்லையா?" என்று பிறகு மகன் கேட்டார். கொலாஜன் அடைப்பு, உள்ளே தையல் போடும் கருவி எல்லாம் உண்டு. எல்லா நாடிக்கும் பொருந்தாது, விலையும் அதிகம். மணிக்கட்டு என்றால் காற்றடைத்த பட்டி போதும். 1989இல் மொன்றியலில் லூசியன் கம்போ என்ற இருதய வைத்தியர் அந்த வழியில் அஞ்சியோ (இருதய நாடிகளைப் படமெடுக்கும் சோதனை) செய்து காட்டியதால் இன்று எத்தனை பேர் உடனே எழும்பி இருக்கிறார்கள்!

"முதுகோ விலாப்பக்கமோ நோகுது என்றால் உடனே கூப்பிடுங்கோ. வயிற்றுக்குப் பின்னால் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டில் இரத்தம் வந்தால் படுக்கவைத்து, அமத்தியபடியே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ" என்றேன்.

இரவு ரவுண்ட் போனபோது ஐயா காலை நீட்டியபடியே கிடந்தார். இருமல் வந்தது. கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையைக் கட்டின்மேல் வைத்து அமத்திக்கொண்டுதான் இருமினார்.