லிப்ரே ஆபீஸில் பதிந்த தமிழ் வழு உறுதியாகும் வரை

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் கோளாறுகளைப் பதியும் தளம் பக்சில்லா. அதில் பதிந்த வழு ‘அன்கன்ஃபர்ம்ட்’ (இன்னும் உறுதியாகாதது) நிலையிலிருந்து ‘நியூ’ (உறுதியானது) என்று மாறும்போது வரும் நிம்மதி தனி. அதுவரை ஒரு வரி நிரல்கூடத் தேவைப்படாது, பொறுமைதான் நிறைய வேண்டும். கணக்குத் தொடங்குவதும் படிவத்தை நிரப்புவதும் சில நிமிட வேலை. இழுபறி அதற்கு அப்புறம்தான்.

பெரும்பாலும் காலை வாரிவிடுவது எழுத்துரு. கொம்பு தள்ளி நிற்கிறது, புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறுகிறது என்று படம் பிடித்துப் போட்டால் போதாது. சோதிப்பவர் தமிழே தெரியாதவராக இருக்கலாம். அவர் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. வேறொன்றில் திறந்துபார்ப்பார், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ‘இங்கே வரவில்லை’ என்று பதில் வரும். அதனால் அதே கோளாறை நோட்டோ சான்ஸ் தமிழ் போல யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய எழுத்துருவில் வரவழைத்துப் பாருங்கள். வந்தால் இரண்டே வரி கொண்ட .odt ஆவணக் கோப்பை இணைத்துவிடலாம். எந்தச் சொல்லில் எந்த எழுத்து எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வையுங்கள். இணைப்புகளை உலகமே பார்க்கும். அலுவலகக் கடிதத்தை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

நம்முடைய அந்த ஓர் எழுத்துருவில் மட்டும் வந்தால்? லிப்ரே ஆபீஸ் 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு. ஃபயர்பாக்ஸும் அதையே பயன்படுத்துகிறது. அதே சொல்லை அதே எழுத்துருவில் அங்கேயும் பாருங்கள். அங்கும் உடைந்தால் பெரும்பாலும் குற்றம் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோதான் இருக்கும். புகார் போக வேண்டிய இடமே வேறு.

நம் அமைப்புகளும் நீட்சிகளும் குறுக்கிடாமல் திறக்கும் ‘சேஃப் மோட்’ போட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ‘அபவுட்’ சாளரத்தில் பதிப்பு விவரத்தை நகலெடுக்க ஒரு பொத்தான் உண்டு; அதை அப்படியே ஒட்டுங்கள். ‘புதுப் பதிப்பு’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

மனம் வெறுத்துப்போகும் இடம் ‘நீட்இன்ஃபோ’. கூடுதல் விவரம் கேட்டு இந்த நிலைக்கு மாற்றுவார்கள். கருத்தில் பதில் எழுதினால் மட்டும் போதாது, நிலையை நாமே மீண்டும் ‘அன்கன்ஃபர்ம்ட்’ ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் பதில் கண்ணில் படாமலே கிடக்கும். மாதங்கள் கழித்து ஒரு நினைவூட்டல் வரும், பிறகு ‘போதிய தகவல் இல்லை’ என்று மூடப்படும். உழைத்துத் தேடிய விவரம் இப்படிப் புதைந்துபோவது உண்மையிலேயே வலிக்கிறது.

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால் நம் கையில் ஒரு பலமான ஆயுதம் உண்டு: பிபிசெக்ட். எந்த மாற்றத்தில் கெட்டது என்று பழைய தொகுப்புகளில் பாதிபாதியாகத் தேடும் முறை இது. வரிசையாகத் தொகுத்துவைத்த பழைய லிப்ரே ஆபீஸ்கள், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ கருவியின் ஒரே களஞ்சியத்தில் இருக்கும். பல ஜிபி இறங்கும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, கோப்பைப் பார்த்து, ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று சொன்னால் போதும். திறக்கவே மறுப்பதற்கு ‘ஸ்கிப்’. தவறியும் ஊகித்து ‘குட்’ போடாதீர்கள், தேடல் முழுக்கத் திசைமாறிவிடும். ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் ஆயிரம் தொகுப்புகள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் கெடுத்த மாற்றம் சிக்கிவிடும். இந்தத் தேடலின் பதிவை (பைசெக்ட் லாக்) முழுசாக வழுவில் ஒட்டுங்கள். எந்த மாற்றத்தில் கெட்டது என்று தெரிந்துவிட்டால், அதைச் செய்த நிரலாளரையே உரையாடலில் சேர்த்துக் கேட்கலாம்.