பால் கணக்கு நோட்டில் ஒரு வாழைத்தார்

அம்மாவின் பால் கணக்கு நோட்டு ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருந்தது. தலைத்திவசம் முடிந்த பிறகுதான் அப்பா அதை எடுத்துப் பிரித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் சீட்டுப் பணத்துக்கும் இஸ்திரிக் கணக்குக்கும் நடுவில் ஒரு வரி: "தாயுமானவர் – தார் 1 – பாக்கி."

எந்தத் தார் என்று எனக்குத் தெரியும். 2015 டிசம்பர். சென்னையில் அடையாறு கரை மீறி ஓடிய இரவில்தான் எனக்கு வலி கண்டது. திருச்சியிலிருந்து வர வேண்டிய அம்மா, பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணியெல்லாம் கட்டிக்கொண்டு ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தாள். ரயில் இல்லை. போனும் செத்துவிட்டது. குழந்தை பிறந்துவிட்டதா, நான் எப்படி இருக்கிறேன் என்பது மூன்று நாள் அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில் மலைக்கோட்டைத் தாயுமானவர் சாமிக்கு வேண்டிக்கொண்டதுதான் இந்தத் தார்.

திருச்சிக்காரர்களுக்குத் தாயுமானவர் கதையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து தாய் கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. இங்கே சிவனே தாய் உருவில் வந்து மருத்துவம் பார்த்து, குழந்தையையும் குளிப்பாட்டுகிறார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வாசலில் வந்து நின்றபோதுதான் இரண்டு அம்மாக்கள் என்று தெரிகிறது. சித்திரைத் திருவிழாவில் இதை 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று நடத்துகிறார்கள்.

எனக்கு வந்த அம்மா கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் மாமி. அதுவரை எங்களுக்குள் நல்ல பேச்சே கிடையாது. மோட்டார் யார் போடுவது, எத்தனை நிமிஷம் ஓடலாம் என்று தினமும் தகராறு. அந்த மாமிதான் முழங்கால் தண்ணீரில் என் கூடவே நர்சிங் ஹோமுக்கு நடந்து வந்து, கரண்ட் இல்லாத இரண்டு ராத்திரி என் தலைமாட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

வேண்டுதலை நிறைவேற்ற ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டால் பதில் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு கல்யாணம், இல்லாவிட்டால் அம்மாவுக்கு முட்டிவலி. "அடுத்த தடவை" என்போம். அப்புறம் அம்மாவே போய்விட்டாள். பெற்றவர் தவறினால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதுவும் தள்ளிப்போனது.

இந்த மே விடுமுறையில்தான் போனோம். அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு பூவன் தார் பார்த்து வாங்கியிருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டுப் படி ஏறத் தொடங்கினோம். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 417 படி என்பார்கள். என் பெண் எண்ணிக்கொண்டே வந்தாள். தாரைத் தோளிலிருந்து இறக்க அப்பா சம்மதிக்கவில்லை. எழுபத்திரண்டு வயது. நின்று நின்று, மூச்சு வாங்கி, "உங்கம்மா கணக்குடி, நான்தான் தூக்கணும்" என்றார்.

தாயுமானவர் மேற்குப் பார்த்த சன்னதி. கொடிமரம் சாமிக்குப் பின்பக்கம் இருக்கும். முன்பு கிழக்குப் பார்த்திருந்தவர், நந்தவனத்துச் செவ்வந்திப் பூவைத் திருடிக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட உறையூர் ராஜா மேல் கோபப்பட்டு அந்தப் பக்கம் திரும்பினார் என்று தல புராணம். உறையூரில் பிறந்த அம்மாவுக்கு இதில் தனிப் பெருமை. "கோபமோ தாபமோ, பார்க்கிறது நம்ம ஊரைத்தானே" என்பாள்.

"யாருக்குப் பிரசவம்?" என்று குருக்கள் கேட்டார். அப்பா பேத்தியைக் காட்டி, "பிறந்தவ இவதாங்க. பத்து வருஷம் லேட்டு" என்றார். "பரவாயில்லை, சாமி வட்டி கேட்க மாட்டார்."

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மாவின் வேலை. யாருக்கு என்ன நட்சத்திரம் என்று அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. தட்டு காத்திருந்தது. அப்பா கொஞ்சம் தடுமாறி, அம்மாவின் பெயரைச் சொல்லி, "ரோகிணி" என்றார். இறந்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை. குருக்களுக்கு அது தெரிய நியாயமில்லை. அம்மா பெயரைச் சொல்லி உள்ளே போனார். நான் திருத்தவில்லை. தீபாராதனை வெளிச்சத்தில் அந்தப் பெரிய லிங்கத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பழங்களை அங்கே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு கேட்டு வாங்கினாள்.

மேலே போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவனின் குகை. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பம் அங்கே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்லும் விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறு என்றால் ஆசைப்படும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். அங்கேதான் என் பெண்ணுக்குப் படிக்கணக்கு தவறியது. உச்சியில் நல்ல காற்று. காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் தெரிந்தன. அப்பா மட்டும் உறையூர்ப் பக்கமாக நின்றிருந்தார்.

சென்னைக்குக் கிளம்பும்போது அப்பா ஒரு பையை நீட்டினார். உள்ளே ஒரு சீப்புப் பழம். அதற்கடியில் இரண்டு பொட்டலம் கூழ்வடாம்.

"இது எதுக்குப்பா?"

"பழமும் ஒரு பொட்டலமும் உன் மோட்டார் மாமிக்கு. வருஷா வருஷம் சித்திரையில உங்கம்மா கூரியர்ல அனுப்புவா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்த வீட்டை விட்டு நாங்கள் வந்தே ஆறு வருஷம் ஆகிறது.

"இந்த வருஷம் யார் பிழிஞ்சது?"

"நான்தான். நோட்டுல அளவு இருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கலோன்னு தோணுது."

வீட்டுக்கு வந்து பொரித்துப் பார்த்தோம். தூக்கல்தான்.