59.20 கட்டம் ஒருவழியாக நிரம்பியது (முக்கால்வாசி)

ஐரோப்பிய இசைத் துறையின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் வேலையின் மூன்றாவது சுற்றில் 59.20 வரிசை உருப்படியாக வந்திருக்கிறது. ஒலிப்பதிவும் இசைப் பதிப்பகமும் சேர்ந்த அந்த நான்கு இலக்க நேஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில் வகைப்பாடு) குறியீட்டுக்கு, 2021 முதலான விற்றுமுதல், மதிப்புக் கூட்டல், நிறுவன எண்ணிக்கை, பணியாளர் எண்ணிக்கை நான்கும் யூரோஸ்டாட்டின் (ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகம்) தொகுதியிலிருந்து ஒரே அட்டவணையில் உட்கார்ந்துவிட்டன. காலிக் கட்டங்கள் இன்னும் உண்டு. ஆனால் எது ஏன் காலி என்பது இப்போது தெரிகிறது. முதல் இரண்டு சுற்றும் பாழானது அது தெரியாமல்தான்.

பார்த்தால் அற்ப விஷயம். மொத்தமாக இறக்கும் டிஎஸ்வி கோப்பில் எண்ணும் அதன் கொடியும் (எண்ணின் தன்மையைச் சொல்லும் எழுத்துக் குறி) ஒரே கட்டத்துக்குள் இருக்கும். எண், ஒரு இடைவெளி, பிறகு கொடி எழுத்து. தரவே இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் ஒரு முக்காற்புள்ளி. கொடி இல்லாத கட்டத்திலும் வாலில் ஒரு இடைவெளி தொங்கும். (கொடிகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன். தமிழில் எழுத்தைப் போட்டால் ‘தற்காலிகம்’, ‘தொடர் முறிவு’ இரண்டுக்குமே ‘பி’தான் வருகிறது.)

இதை ஆர் நிரல் மொழியில் அப்படியே எண்ணாக மாற்றினால் கொடி ஒட்டிய கட்டம் அத்தனையும் என்ஏ (மதிப்பில்லை) ஆகிவிடும். தற்காலிக எண்ணும் போச்சு, மதிப்பீட்டு எண்ணும் போச்சு. இரகசியம் என்று மறைத்தவையும் அதே குப்பையில். அந்த என்ஏக்களை 0 என்று நிரப்பிக் கூட்டினால் இன்னும் மோசம்: கடைசி ஆண்டில்தான் தற்காலிகக் கொடிகள் குவிந்திருக்கும் என்பதால், இசைத் துறை திடீரென்று சரிந்துவிட்டது போல ஒரு கோடு வரும். இரண்டாம் சுற்றின் வரைபடத்தில் அப்படியே வந்தது. பார்க்க நம்பும்படி இருந்தது என்பதுதான் ஆபத்து.

இப்போது ஓடும் முறை இது. கட்டத்தை முதல் இடைவெளியில் வெட்டு. இடது பக்கம் முக்காற்புள்ளியானால் வெற்று, இல்லாவிட்டால் எண். வலது பக்கத்தைத் தனிப் பத்தியாக வை. இரண்டு கொடிகள் ஒட்டிக்கொண்டும் வரும், எழுத்தெழுத்தாகப் பிரி. வெற்றும் இரகசியக் கொடியும் சேர்ந்தால் ‘மறைப்பு’, கொடியில்லாத வெற்று ‘இல்லை’. எந்த நிலையிலும் 0 போடாதே. கடைசியாக ஒரு சோதனை: மூலக் கோப்பில் இலக்கம் உள்ள கட்டங்கள் எத்தனையோ, மாற்றிய பிறகும் எண்ணுள்ள கட்டங்கள் அத்தனை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிற்கட்டும். யூரோஸ்டாட்டுக்கென்றே இருக்கும் ஆர் தொகுப்பில் கொடிகளைத் தனிப் பத்தியாக வாங்கும் வசதி உண்டு. அதை இயக்க மறந்தால் கொடிகள் சத்தமில்லாமல் கழன்றுவிடும், அவ்வளவுதான்.

அடுத்தது மறைப்புக் கட்டங்கள். 59 என்பது 59.1-ம் (சினிமா, தொலைக்காட்சி; 59.11 முதல் 59.14 வரை) 59.2-ம் (நம் 59.20) தான், ஆகவே கழித்துவிடலாமே என்று கை பரபரக்கும். அதற்காகவேதான் இரண்டாம்நிலை மறைப்பு இருக்கிறது: ஒன்றை மறைத்தால், கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொன்றையும் சேர்த்து மறைப்பார்கள். சரியான எண் கிடைக்காது, எல்லை கிடைக்கும். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: 59 மொத்தம் 400, 59.11 க்கு 210, 59.12 க்கு 40, 59.14 க்கு 90. 59.13-ம் 59.20-ம் மறைப்பு. இரண்டும் சேர்ந்து 60, எனவே 59.20 என்பது 0 முதல் 60 வரை எங்கேயும் இருக்கலாம். பணியாளர் எண்ணிக்கை மறைக்கப்படாமல் இருந்தால், முந்தைய ஆண்டின் தலைக்கு விற்றுமுதலால் பெருக்கி இந்த இடைவெளியைச் சுருக்கலாம். அப்படி வந்த எண் தனிப் பத்தியில், ‘நம் மதிப்பீடு’ என்ற முத்திரையோடுதான் இருக்க வேண்டும். முழுமையாக்கல் பிசகால் கீழ் எல்லை சில சமயம் எதிர்ம எண்ணாக வரும். தசமத்தில் இருந்தால் 0 என்று எடு, அதற்கு மேல் போனால் கூட்டல் வரிசையையே சரிபார்.

விற்றுமுதலைத் துறையின் அளவு என்று சொல்லிவிடவும் கூடாது. லேபிள் (ஒலிப்பதிவு நிறுவனம்) பதிப்பகத்துக்குக் கொடுக்கும் உரிமத் தொகை இரண்டு பேருடைய விற்றுமுதலிலும் ஏறும், இருவரும் 59.20-க்குள்ளேயே. மதிப்புக் கூட்டலை (விற்றுமுதலில் வெளியிலிருந்து வாங்கியதைக் கழித்த மிச்சம்) எடுத்தால் இந்த இரட்டை எண்ணிக்கை தீரும். வட அமெரிக்கத் தொழில் வகைப்பாடான நெய்க்ஸ் முறையில் பதிப்பகம் 512230, ஒலிப்பதிவுக் கூடம் 512240, தயாரிப்பும் விநியோகமும் 512250 என்று பிரித்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

தரவு வாங்கும் இடங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த இசைத் தரவுத்தளத்தின் மையத் தரவு சிசி0 (காப்புரிமை துறந்த பொது உரிமம்), கவலையில்லை. ஆனால் ஏபிஐ (நிரல்வழித் தரவு வாசல்) வழியாக நொடிக்கு ஒரு கோரிக்கைதான். ஒரு நாளைக்கு 86,400. கலைஞர் பதிவுகளே 20 லட்சத்தைத் தாண்டும், ஆளுக்கு ஒரு கோரிக்கை என்றாலும் 23 நாள். வாரம் இருமுறை முழுத் தொகுதி வெளியாகிறது, அதை இறக்கி உள்ளூர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். இசை வெளியீடுகளின் பட்டியல் தளமான டிஸ்காக்ஸின் மாதாந்திரத் தொகுதியும் சிசி0. தனியார் ஸ்ட்ரீமிங் ஏபிஐயை நம்பித் தொடர் வரிசை கட்டாதீர்கள்; வழி என்றைக்கு மூடும் என்று சொல்ல முடியாது.

ஐஎஸ்ஆர்சியின் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குமான பன்னாட்டு அடையாளக் குறியீடு) முன்னெழுத்தை வைத்து நாடு பிரிக்கும் யோசனையையும் கைவிட்டாயிற்று. 12 எழுத்தில் முதல் இரண்டும் கலைஞரின் நாடு அல்ல, குறியீட்டை ஒதுக்கியவரைத்தான் காட்டும். அமெரிக்காவுக்கான ‘கியூஇசட்’ தொடக்கத்தை விநியோக நிறுவனங்கள் உலகெங்கும் உள்ளவர்களுக்குப் போட்டுத் தருகின்றன. நடுவில் வரும் இரண்டு இலக்க ஆண்டும் குறியீடு ஒதுக்கிய ஆண்டுதான், பாடல் பதிவான ஆண்டல்ல. 2019 பதிப்பில் ஐஎஸ்ஓ 3901 தரநிலையே முதல் ஐந்து எழுத்தையும் ஒரே முன்னொட்டாக்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க ஐஎஃப்பிஐ (உலக ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பு) அறிக்கையின் துறை வருவாய் எண்களை எடுத்தபோது இன்னொரு பொறி. 2023-க்கு 2,860 கோடி டாலர், 2024-க்கு 2,960 கோடி. வகுத்தால் வளர்ச்சி 3.5%. அறிக்கையோ 4.8% என்கிறது. இரண்டும் சரிதான்: ஒவ்வொரு பதிப்பிலும் பழைய ஆண்டுகளைப் புதிய மாற்று விகிதத்தில் திருப்பி எழுதுகிறார்கள், அதனால் 2023 சுமார் 2,824 கோடியாக இறங்கிவிடுகிறது. வெவ்வேறு பதிப்பின் எண்களைக் கோத்துத் தொடர் கட்டக்கூடாது. அமெரிக்க ஒலிப்பதிவுச் சங்கமான ஆர்ஐஏஏவின் சில்லறை மதிப்பை இதன் பக்கத்தில் வைக்கவும் கூடாது, ஐஎஃப்பிஐ சொல்வது வணிக மதிப்பு (லேபிள்களுக்குச் சேரும் தொகை).

59.20-க்கு யூரோ மாற்று இன்னும் பாக்கி, அதற்குள் 90.01-ஐ (நிகழ்த்துகலைகள்) தொட்டாயிற்று. மேடைக் கச்சேரிப் பணம் அங்கேதான். ஆனால் 90-ஆம் பிரிவு இந்தத் தொழில் புள்ளிவிவரத்துக்குள் வந்ததே 2021 முதல். அரங்குகள் பாதி மூடிக் கிடந்த ஆண்டு அடிப்படையாகிவிடுவதால் அடுத்த ஆண்டின் வளர்ச்சி வானத்தைத் தொடும். குறியீட்டு எண்ணைப் பிந்தைய ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை (எந்தத் துறை எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைக் காட்டுவது) இன்னும் வேடிக்கை. 64 துறைப் பிரிப்பில் 59-ம் 60-ம் ஒரே பத்தி, இசையும் சினிமாவும் ஒளிபரப்பும் ஒன்றாக. 90 முதல் 92 வரை இன்னொரு பத்தி, அதில் கலைக்குப் பக்கத்தில் சூதாட்டம். சூதாட்டத்துக்கான 92-இன் மதிப்புக் கூட்டலும் 2021 முதல் தனியாக வருகிறது என்பதால், அந்த விகிதத்தை எடுத்துச் சூதாட்டத்தைக் கழிக்க முடிகிறதா என்று அடுத்த சுற்றில் பார்க்க வேண்டும்.