மேடுபள்ளமான எழுபது கிலோமீட்டரும் ஒரு அளவு டேப்பும்

போன குளிர்காலத்தில் மூன்று நாள் ஸ்னோமொபைல் பயணம் ஒன்று போனோம். முன்னால் ஸ்கீ என்னும் இரண்டு சறுக்குப் பலகைகளும், பின்னால் டிராக் என்னும் சுழலும் பட்டையும் கொண்ட பனி வண்டி அது. பைன் காட்டுக்குள் நுழைந்து, உறைந்த ஏரிகளைக் கடந்து, இரவில் மரக்குடிலில் தங்கி, புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் தடம். மொத்தம் 420 கிலோமீட்டர். நானும், பல வருடங்களாகப் பனியில் வண்டி ஓட்டும் நண்பர் ஒருவரும். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது இடுப்பு வலிதான். இந்த வருடம் அதே வண்டியில், அதே தடத்தில் மறுபடி போய் வந்தேன். நடுவில் சஸ்பென்ஷனில் என்ன மாற்றினேன், அது பயணத்தை எப்படி மாற்றியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தடத்தைப் பற்றி. இரவில் பனியைச் சமன்செய்யும் இயந்திரம் ஒன்று தடம் முழுக்க ஓடும். விடியற்காலையில் போனால் தரை பலகை மாதிரி இருக்கும். பொழுது ஏற ஏறத்தான் வினை. வண்டியை முடுக்குகிற இடத்தில் டிராக் பனியைப் பின்னால் வாரித் தள்ளி ஒரு சின்னக் குழி விழுகிறது. அடுத்த வண்டி அந்தக் குழியில் இறங்கி ஏறும்போது இன்னும் கொஞ்சம் தோண்டுகிறது. மதியத்துக்குள் வரிசையாக முழங்கால் உயர மேடுகள். ஓட்டுபவர்கள் இதை மொகல் என்பார்கள். எங்கள் தடத்தில் இரண்டாம் நாள் மதியம் வருகிற 70 கிலோமீட்டர் முழுக்க இதுதான்.

போன வருடம் அந்தப் பகுதிக்கு வந்தபோது ஒவ்வொரு மூன்றாவது மேட்டிலும் அடியில் "டங்" என்று இரும்போடு இரும்பு மோதியது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி, இடமே இல்லாமல் முட்டுகிற சத்தம் அது. அந்த அடி இருக்கை வழியாக நேராக முதுகெலும்புக்கு வரும். சொகுசாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்கை இருப்பதிலேயே மென்மையான நிலையில் வைத்திருந்தேன். அதுதான் தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் குடிலுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அண்ணன் டார்ச்சோடு குனிந்து பார்த்தார். டிராக்குக்கு உள்ளே எல்லா இடத்திலும் பனி அப்பியிருந்தது. நடு ஷாக் மட்டும் ஈரமாக, பனி ஒட்டாமல் மின்னியது.

"தொட்டுப் பார் தம்பி, கொதிக்குது" என்றார்.

ஷாக் அப்சார்பரின் வேலையே அசைவைச் சூடாக மாற்றுவதுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிப் போகும்போது வேகம் குறைகிறது, சூடு ஏறுகிறது. என் வண்டியில் இருந்த சாதா ஷாக்கில் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருந்தன. தொடர்ந்து அடி வாங்கினால் இரண்டும் கலந்து நுரைத்துவிடும். எண்ணெய் போகத் திணறுகிற துளை வழியாக நுரை சுலபமாகப் போய்விடும். அப்புறம் ஷாக் பெயருக்குத்தான் இருக்கும். காலையில் நன்றாக இருந்த வண்டி மதியத்துக்கு மேல் குதிரை மாதிரி துள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனி உருகிய பிறகு ஷாக் வாங்குவதில்தான் என் மனம் இருந்தது. அண்ணன் விடவில்லை. "வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடு" என்றார். பின் பம்பரைப் பிடித்து, சஸ்பென்ஷன் முழுதாக விரியும் வரை வண்டியைத் தூக்கி, தரையிலிருந்து பம்பர் வரை அளந்தோம். பிறகு பயணத்தில் போட்டிருந்த உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு, பின்னால் பையையும் பெட்ரோல் கேனையும் கட்டி, ஏறி உட்கார்ந்து மறுபடி அளந்தோம். ஆறு அங்குலம் இறங்கியிருந்தது. என் வண்டியில் பின்பக்க அசைவு மொத்தமே சுமார் 13 அங்குலம். அதாவது நகரும் முன்பே பாதியைத் தின்றுவிட்டேன். ஆள் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குவது சரி என்பது ஓட்டுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனக்கு அது கிட்டத்தட்ட நாலு அங்குலம்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை நிலை நிலையாக மாற்றும் கேமைக் கடைசி நிலைக்குத் திருப்பினோம். அப்போதும் ஐந்து அங்குலம். கேமைத் திருப்பினால் ப்ரீலோட்தான் கூடும், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் முறுக்கி வைப்பது. வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு அதேதான். விறைப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பின்னால் இருந்தவை டார்ஷன் ஸ்பிரிங்குகள், அதாவது முறுக்கும்போது எதிர்க்கும் சுருள்கள், 10 மில்லிமீட்டர் கம்பி. அதே சுற்று, அதே அளவில் 10.5 மில்லிமீட்டர் கம்பி போட்டோம். அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுவதால் அது 20 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. கேமை நடு நிலையில் வைத்து அளந்தபோது நாலு அங்குலம் வந்தது. இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான்.

சஸ்பென்ஷனை டிராக்குக்குள் இருந்து வெளியே எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. சஸ்பென்ஷனை வண்டியோடு இணைக்கும் முன் கையின் அச்சில் கிரீஸ் வற்றி, அச்சைச் சுற்றியிருக்கும் புஷ் என்னும் உருளை வளையம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கையால் அசைத்தால் நகரவே மறுத்தது. அச்சே இப்படி இறுகிக் கிடந்தால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டும் என்ன பயன்? புஷ்களை மாற்றி, கடுங்குளிரிலும் உறையாத கிரீஸை எல்லா முனையிலும் ஏற்றினோம். சஸ்பென்ஷனைத் தொடப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிரீஸ் துப்பாக்கியோடு ஆரம்பியுங்கள்.

அதற்கு அப்புறம்தான் ஷாக். நாலையும் மாற்றவில்லை. ஸ்கீக்களுக்கு மேலே இருக்கும் இரண்டையும், பின் ஷாக்கையும் பிரித்து எண்ணெயும் சீலும் புதிதாகப் போட்டோம். நடு ஷாக்கை மட்டும் மாற்றினோம். ஸ்கீக்கள் மேட்டைத் தாண்டிய அடுத்த கணம் அடி வாங்குவது, டிராக்குக்குள் அது சறுக்கி ஓடும் தண்டவாளத்தின் முன்பகுதி. அந்த அடியைத் தாங்குவது நடு ஷாக்தான். பல வண்டிகளில் இருப்பதிலேயே மலிவான ஷாக் இந்த இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள், எனக்கு இது இன்றும் விளங்காத விஷயம். புதியதில் நைட்ரஜன் வாயு ஒரு மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் தனி அறையில் இருக்கிறது. எண்ணெயோடு கலக்க வழியில்லாததால் நுரைப்பும் இல்லை. தேய்ந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். என் எடைக்குத் தகுந்தபடி உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை அடுக்கித் தரச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு டிராக்கின் இறுக்கத்தையும் அது நேராக ஓடுவதையும் கையேட்டில் உள்ளபடி மறுபடி சரிசெய்தோம்.

இந்த வருடம் புறப்பட்ட முதல் நாளே ஒரு சிக்கல். ஹேண்டில்பார் கனத்தது. வளைவுகளில் தோள் வலித்தது. பின்பக்கம் உயர்ந்ததால் எடை முன்னே சாய்ந்து ஸ்கீக்களை அழுத்துகிறது என்று அண்ணன் சொன்னார். வழியில் நிறுத்தி, முன் கையைப் பிடித்து வைக்கும் லிமிட்டர் பட்டையை ஒரு துளை தளர்த்தினோம். தண்டவாளத்தின் முன்பகுதி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி எடையில் பங்கு எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு துளைதான், ஆனால் வண்டி லேசாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணனின் வண்டியில் முன்னால் காற்று ஷாக்குகள். புறப்படுவதற்கு முந்தின நாள் 20 டிகிரி சூடான கராஜில் அழுத்தம் வைத்திருந்தார். வெளியே மைனஸ் 20. காற்று குளிர்ந்தால் அழுத்தம் விழும். இந்த நாற்பது டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 14 சதவீதம். முதல் நிறுத்தத்தில் வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்ததைப் பார்த்துச் சின்னப் பம்பை எடுத்து அடித்தார். காற்று ஷாக் வைத்திருப்பவர்கள் வெளியே குளிரில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மதியம் அந்த 70 கிலோமீட்டர் வந்தது. ஷாக்கின் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைத் தளர்வாக மாட்டியிருந்தேன். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். முதல் பத்து கிலோமீட்டரில் "டங்" சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் நெருக்கமாக வரும் சின்னச் சின்ன மேடுகளில் வண்டி வரவரத் தாழ்ந்து இறுகுவது போல இருந்தது. நிறுத்தினோம். பின் ஷாக்கின் ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்ப விரிவது, மெதுவாக இருக்கிறது என்றார் அண்ணன். ஒரு மேட்டில் அமுங்கியது முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் குறைகிறது. சரிசெய்யும் திருகை இரண்டு கிளிக் திருப்பி வேகப்படுத்தினேன். துள்ளல் வந்தது. ஒரு கிளிக் திரும்ப வந்தேன். சரி, அதுதான் இடம்.

அதன் பிறகு ஓட்டிய தூரத்தை எப்படிச் சொல்வது. மேடுகள் அங்கேதான் இருந்தன. ஸ்கீ ஏறுவது தெரிந்தது, நடு ஷாக் வாங்குவது தெரிந்தது, பின்பக்கம் மெல்ல இறங்கி எழுவதும் தெரிந்தது. உடம்புக்கு மட்டும் எதுவும் வரவில்லை. ஒரு வளைவு தாண்டி இடது பக்கம் மரங்களுக்கு நடுவே பெரிய ஏரி ஒன்று திறந்துகொண்டது. மறுகரையில் வெயில் படுகிற பாறை. போன வருடம் இதே வழியில்தான் போயிருக்கிறேன், அந்த ஏரியைப் பார்த்ததாகவே நினைவில்லை. அன்று பார்வை முழுக்க ஸ்கீ முனைக்கு முன்னால் பத்தடி தூரத்திலேயே இருந்தது.

குடிலின் கொட்டகையில் பழைய வண்டி ஒன்று நின்றிருந்தது. முன்னால் தகட்டு ஸ்பிரிங், டிராக்குக்குள் தண்டவாளத்துக்குப் பதில் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள். கனடாவின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் கொண்டுவந்த ஸ்கீ-டூ ஸ்னோமொபைலும் இந்த மாதிரிச் சக்கரங்களில்தான் ஓடியது. தண்டவாள அமைப்பு பரவலானது 1970-களில். அந்தச் சக்கரங்களில் ஏறிக் காடு முழுக்கச் சுற்றியவர்களை நினைத்து அதன் முன் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்தேன். நடு ஷாக்கில் பனி ஒட்டவில்லை; அது உழைத்திருக்கிறது, சூடாகவும் இருந்தது. ஆனால் காலையில் இருந்த பிடிப்பு மாலையிலும் இருந்தது. கேபிள் டை தண்டின் முனையிலிருந்து ஒரு விரல் அகலம் முன்னால் நின்றிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "நாளைக்குப் பெட்ரோல் கேன் காலியா இருக்கும், கேமை ஒரு நிலை இறக்கிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.