எந்த இடத்தில் நின்றது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டராக இருக்கிறேன். கார்டில் வந்து சேர்வதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, பென்டிரைவில் கொடுக்க வேண்டும். கடைசிப் படி ரெண்டர்: வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே வீடியோ கோப்பாக ஆக்குவது. பட்டனை அமுக்கிவிட்டால் 3 மணி நேர வீடியோவுக்கு 2 மணி நேரமாவது சிஸ்டம் முழு மூச்சில் ஓடும்.

அது வைகாசி முகூர்த்தக் காலம், கத்திரி வெயில் வேறு. நெல்லிக்குப்பத்துக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை குவைத் கிளம்புகிறார். அவருடைய அப்பா நேரிலேயே வந்து சொன்னார்: "தம்பி, எங்க அம்மாவால மண்டபத்துக்கு வர முடியல. புள்ள கிளம்புறதுக்குள்ள எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்துடணும்."

செவ்வாய்க்கிழமை ரெண்டர் போட்டேன். 37 சதவீதத்தில் சிஸ்டம் அப்படியே அணைந்தது. விண்டோஸ் நொறுங்கும்போது வரும் நீலத் திரை வரவில்லை, எந்தச் செய்தியும் இல்லை. மறுபடி போட்டேன், 52-இல் அணைந்தது. எடிட்டிங் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். விண்டோஸையும் மாற்றினேன். ஒரு முழு நாள் போனது. எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறோம். ஸ்க்ரூவைக் கழற்றாமல் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டுடியோ முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எடிட்டிங் தெரியாது. புதன் இரவு அவர் கேட்டார்: "எந்த எடத்துலப்பா நிக்குது? தெனமும் அதே எடமா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒரே இடத்தில் நின்றால் குற்றம் பெரும்பாலும் டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கிவைத்த இடத்தில், இருக்கும்: கெட்டுப்போன ஒரு கிளிப், ஒரு எஃபெக்ட், ஒரு படம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சிஸ்டத்தின் உடம்பைப் பார்க்க வேண்டும்: சூடு, கரண்ட், ராம். எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். மென்பொருள் மட்டும் மூடிக்கொள்வது ஒன்று. நீலத் திரை வருவது இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கியதுபோல் அணைவது வேறு. நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒரு வரி இருந்தது. பலர் அதையே நோய் என்று நினைத்துத் தேடுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்றுபோனது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்லாது.

ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மணி, சதவீதம், எப்படி நின்றது. காலையில் போட்டது நெடுந்தூரம் போனது. மதியம் 1 மணிக்கு மேல் போட்டது சீக்கிரம் விழுந்தது.

சூடு என்று தோன்றியது. பார்த்தால் பிராசஸர் 98 டிகிரியில் நின்றது. இவ்வளவு சூடானால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அப்போதும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளச் சிஸ்டத்தையே அணைத்துவிடும். பெட்டியைத் திறந்தேன். எங்களூர்த் தூசி ஊதினால் போகாது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்து, கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி மாதிரி அப்பியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். சூடு 78-க்கு இறங்கியது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வெள்ளி மதியம் 1.30-க்கு 61 சதவீதத்தில் மறுபடி அணைந்தது. சூடு அப்போதும் 78தான்.

இனிக் காரணம் தேட நேரமில்லை. அன்று இரவு டைம்லைனை ஆறு பாகமாகப் பிரித்தேன்: பெண்ணழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரெண்டர் போட்டேன். எம்பி4 வீடியோ கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். 95 சதவீதத்தில் கரண்ட் போனாலும் அந்தக் கோப்பு திறக்காது. பாகமாக இருந்தால் போவது ஒரு பாகம் மட்டும். ஆறும் விடிவதற்குள் முடிந்தன. பழைய டிவிகள் கேட்கும் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் பாகங்கள் அங்கேயும் உதவின. சனிக்கிழமை காலை நானே நெல்லிக்குப்பம் போய்க் கொடுத்தேன். பாட்டி கட்டிலில் சாய்ந்தபடி தாலி கட்டும் இடத்தை இரண்டு தடவை போடச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு, காரணம் தெரியாமல் இதை விடக்கூடாது என்று ஆகிவிட்டது எனக்கு.

திங்கள் மதியம் ரெண்டரைப் போட்டுவிட்டு ஸ்க்ரீனைப் பார்க்காமல் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மேஜைக்கு அடியில் "டிக்" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி இருட்டு. யூபிஎஸ்! எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். பக்கத்துக் கட்டடங்களில் ஏசி ஓடும் மதிய நேரத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் யூபிஎஸ் "டிக்" என்று பேட்டரிக்கு மாறும். எங்களிடம் இருந்தது 600 விஏ திறன் கொண்டது; தாங்குவது சுமார் 360 வாட்ஸ். சும்மா இருக்கும்போது அது போதும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முழுவீச்சில் ஓட, இரண்டு மானிட்டரும் சேர்ந்தால், பழைய பேட்டரியால் ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. வெயிலும் வோல்டேஜும் ஒரே நேரத்தில் வந்ததால் இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி இருந்தது. முதலாவதைக் குணப்படுத்தியதும் முடிந்தது என்று நம்பிவிட்டேன்.

ஆவணியில் இன்னொரு கல்யாணம். அது ஒவ்வொரு முறையும் சரியாக 1 மணி 12 நிமிடத்தில் நின்றது. இந்த முறை பெட்டியைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் இருந்தது கல்யாணப் பத்திரிகையின் ஸ்கேன், 12,000 பிக்சல் அகலம், மெல்ல ஜூம் ஆகும்படி வைத்திருந்தேன். 4,000-ஆகச் சுருக்கினேன், தாண்டிப் போனது. பத்து நிமிட வேலை.

1 கேவிஏ, அதாவது 1,000 விஏ, யூபிஎஸ் வந்த அன்று, வேண்டுமென்றே மதியம் 1.30-க்கு, நெல்லிக்குப்பத்து டைம்லைனையே பிரிக்காமல் முழுசாகப் போட்டேன். அண்ணனும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 40 சதவீதம் வாக்கில் விளக்கு மங்கியது. "டிக்" சத்தம் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரீனைப் பார்த்தோம். 41 என்று மாறியது.