தாயின் பெயர் என்ற கட்டம்

முதல் பிரசவத்திலேயே என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்; குழந்தையும் தங்கவில்லை. சினைப்பைகள் மட்டும் மிச்சம். கருமுட்டை என்னுடையது, விந்தணு இவருடையது, சுமக்கத்தான் ஒருத்தி வேண்டும். 2023 பொங்கலுக்கு வந்த சித்தி மகள், "நான் சுமக்கிறேன்க்கா" என்றாள். அவளுக்கு 29 வயது, ஒரு பையன் இருக்கிறான். திருமணமானவள், 25 முதல் 35 வயதுக்குள், சொந்தக் குழந்தை உள்ளவள், வாழ்நாளில் ஒரே முறை என்று, இப்படி இன்னொருவருக்காகச் சுமப்பதற்கான 2021 சட்டம் கேட்பதெல்லாம் பொருந்தியது.

ஊர் இதை 'வாடகைத்தாய்' என்கிறது. எனக்கு அந்தச் சொல் ஒட்டவே இல்லை. மருத்துவச் செலவு, காப்பீடு தவிரப் பணம் கைமாறினால் எங்களுக்கு 5 ஆண்டு வரை சிறை. தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். சிரித்தார்.

மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றிதழ் சீக்கிரமே கிடைத்தது. தங்கைக்கு 36 மாதக் காப்பீடு எடுப்பதற்குத்தான் அலைந்தோம். போன இடமெல்லாம், "அப்படி ஒரு பாலிசியே இல்லையே மேடம்."

அப்புறம் கோர்ட்டு. குழந்தை பிறந்தபின் தத்தெடுப்பதுபோல ஏதோ எழுதிக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோதே, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெற்றோர் நாங்கள்தான் என்று மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். நாங்களும் தங்கையும் சேர்ந்தே மனுப் போட்டோம்.

இதற்கு என்ன அவசரம் என்று கேட்டேன். 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவைக் காட்டினார் வக்கீல் (புதிய சட்டத்தில் அது 116). மணவாழ்க்கை நீடிக்கும்போது மனைவி பெறும் பிள்ளைக்குக் கணவனே தகப்பன். இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். அந்தக் கணக்கில் என் பிள்ளைக்கு அப்பா, தங்கை கணவர்!

தங்கை கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அக்கா, நாளைக்கு என் வீட்டில அதுக்குப் பங்கு வருமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இப்போது யோசித்தால், அன்று அங்கே கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். குழந்தை எங்கள் சொந்தப் பிள்ளையாகவே கருதப்படும், சொந்தப் பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் எங்களிடமிருந்து வரும் என்கிறது அந்த 2021 சட்டத்தின் 8-ஆம் பிரிவு. வக்கீல் வாசித்துக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

மாஜிஸ்திரேட் தங்கையிடம், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். கருவை உள்ளே வைக்கும் வரை அவள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். "தெரியும் ஐயா" என்றாள். நியாயமான விதிதான். ஆனாலும் அந்த விதி என்னைப் பல இரவு தூங்கவிடவில்லை.

2024-ல் பெண் பிறந்தாள். அட்மிஷன் தங்கை பெயரில் இருந்ததால் பிறப்புப் பதிவுப் படிவத்தில் 'தாயின் பெயர்' கட்டத்திலும் அவள் பெயரையே போட்டிருந்தார்கள். "பெத்தவங்க பேரைத்தானேம்மா போடணும்?" என்றார் கிளார்க். அந்த நீதிமன்ற உத்தரவே பிறப்புக்கான பிரமாணப் பத்திரம் என்று சட்டம் சொல்வதை அவருக்குப் புரியவைக்க மூன்று நடை நடந்தோம்.

கடைசியில் சான்றிதழ் வந்தது. தங்கை பெயர் அதில் எங்கேயும் இல்லை. என்ன நினைப்பாளோ என்று தயங்கித் தயங்கித்தான் நீட்டினேன். வாங்கி வரிவரியாகப் படித்தாள். "அக்கா, உன் இனிஷியல் தப்பா இருக்கு" என்றாள்.

மறுநாள் இருவருமாகத் திரும்ப அதே ஜன்னலில் போய் நின்றோம்.