பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு: படம் எங்கே கெடுகிறது?

புற்றுநோயைத் தேடும் பெட் (PET) ஸ்கேனில் தெரிவது உடம்புக்குள் சர்க்கரை போய்ச் சேர்ந்த இடம்தான். புற்றுசெல்கள் குளுக்கோஸை அளவுக்கு மேல் இழுக்கும் என்பதை 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கண்டார். ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய ஒருவகைக் குளுக்கோஸ். செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்ஸோகைனேஸ் நொதி அதில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துவிடும். அதற்குமேல் சிதையவும் வழியில்லை, லேசில் வெளியேறவும் வழியில்லை, அங்கேயே தேங்கிவிடும். தசை அதை இழுத்துக்கொண்டால் கட்டிக்குக் கிடைப்பது குறையும். ஸ்கேனுக்கு முன் செய்யும் தயாரிப்பு முழுக்க இதைத் தடுக்கத்தான்.

முந்தின நாள் உடற்பயிற்சி, கனமான வேலை வேண்டாம். ராத்திரி இட்லி, சாதத்தைத் தவிர்த்து முட்டை, மீன், பனீர், கீரை என்று முடித்துக்கொள்ளுங்கள். பிறகு குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் தாராளமாக. சர்க்கரை போடாத பால் காபியும் கூடாது. பலரும் கோட்டை விடுவது இருமல் சிரப்பிலும், வார்டிலிருந்து வருகிறவர் கையில் ஓடும் குளுக்கோஸ் டிரிப்பிலும்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் சிக்கல் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை 200 mg/dL-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அதற்குப் பயந்து வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம்: இன்சுலின் அந்த எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளிவிடும், கட்டி மங்கிவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை படத்தில் குடலைப் பளிச்சென்று காட்டும். டாக்டர் சொன்னால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நேரத்துக்குப் போய்விடுங்கள். ஃப்ளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும்; 10 மணிக்கு அளந்த மருந்து 11.50-க்குப் பாதிதான். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். போனில் பேசினால் குரல்நாண் ஒளிரும். எதையாவது மென்றால் தாடைத் தசை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்திலுள்ள, சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். நிணநீர்க் கணுக்களும் அதே பகுதியில் இருப்பதால் குழப்பம் வரும். போர்வை கேட்டு வாங்குங்கள். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

கடைசிக் கீமோ, கதிர்வீச்சுத் தேதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். கதிர்வீச்சு முடிந்து சுமார் 3 மாதம் வரை அந்த இடத்தில் அழற்சியே ஒளிரலாம். வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்கப் பளிச்சிடும். இதைச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் எழுதுகிறவர் திணறுவார்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். காசநோய்க் கணுவும் அப்படியே ஒளிரும். நம் ஊரில் இது அடிக்கடி வருவது. மாறாக, புராஸ்டேட் புற்றுநோய் பல நேரம் ஒளிராது. சந்தேகம் வந்தால் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் வழி.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை, சோறு எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கட்டி பட்டினி கிடக்காது. எடை குறைந்து, அடுத்த கீமோவைத் தாங்கும் தெம்பு உங்களுக்குத்தான் போய்விடும்.